மலாய் மாணவர்களுக்கு ஆங்கில மெய்யொலிகள்: ‘தின்’னும் ‘டின்’னும் ஏன் ஒன்றாகின்றன?

கேள்வி: தல்லாகுளம் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மதுரை தல்லாகுளத்தில் வீட்டிலிருந்தபடியே இணையவழியில் பேச்சு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். சென்ற ஆண்டு வரை உள்ளூர்ப் பிள்ளைகளே என்னிடம் படித்தார்கள். இவ்வாண்டு தெரிந்தவர் ஒருவர் மூலமாக மலேசியாவிலிருந்து ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஆறு பேரும் மலாய்க்காரர்கள். அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள். இங்கு மாலை 6 மணி ஆகும்போது அங்கு இரவு 8.30. வேலை முடிந்து, தொழுகையையும் உணவையும் முடித்துக்கொண்டு, களைப்பைக் காட்டாமல் வந்து அமர்கிறார்கள். என்னைச் ‘சிக்கு’ என்று அழைக்கிறார்கள். அவர்கள் மொழியில் ஆசிரியர் என்று பொருள். இவ்வளவு ஆர்வம் உள்ளவர்களுக்கு நான் சரியாகச் சொல்லிக் கொடுக்கிறேனா என்ற கவலைதான் என்னை இங்கே எழுத வைத்தது.

சென்ற வாரம் சொல்வதெழுதல் வைத்தேன். மெல்லியது என்று பொருள்படும் ‘தின்’ என்ற சொல்லையும், தகர டப்பாவைக் குறிக்கும் ‘டின்’ என்ற சொல்லையும் அடுத்தடுத்துச் சொன்னேன். ஆறு பேரில் ஐந்து பேர் இரண்டுக்கும் ஒரே சொல்லை எழுதியிருந்தார்கள். மூன்று என்னும் ‘த்ரீ’யும் மரம் என்னும் ‘ட்ரீ’யும் அப்படியே ஒன்றாகின. இருபது முறையாவது திருத்தமாகச் சொல்லிக் காட்டினேன். கேட்டுவிட்டுத் தலையாட்டுகிறார்கள், மறுபடியும் அதையே எழுதுகிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் ஒருவர்கூட இந்த இரண்டையும் குழப்பி நான் பார்த்ததில்லை.

சொல்லின் கடைசி மெய் பாதி வழியிலேயே நின்றுவிடுவது அடுத்த சிக்கல். பையைக் குறிக்கும் ‘பேக்’ என்பதற்கும் முதுகைக் குறிக்கும் ‘பேக்’ என்பதற்கும் அவர்கள் வாயில் வேறுபாடே இல்லை. ‘லாஸ்ட்’ என்பது ‘லாஸ்’ என்று முடிகிறது. ஒரு மாணவி தம் அலுவலக வேலையைப் பற்றிச் சொல்லும்போது ‘வி ஃபினிஷ் த வொர்க்’ என்றார். வேலை முடிந்துவிட்டதா, வழக்கமாக முடிப்பார்களா என்று எனக்கு விளங்கவில்லை. இறுதியில் வரவேண்டிய ‘ட்’ ஒலி காணாமற் போனதால் காலமே மாறிவிட்டது என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். கோப்பு என்னும் ‘ஃபைல்’ சில வேளைகளில் குவியல் என்னும் ‘பைல்’ ஆகிறது. ‘இசட்’டில் தொடங்கும் சொற்களை ஒருவர் சகரமாகவும் மற்றொருவர் ‘ஜ’ என்றும் ஒலிக்கிறார்கள்.

இவை ஏன் நிகழ்கின்றன, எதை முதலில் திருத்த வேண்டும், தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் பயன்படுத்தும் முறைகள் இவர்களுக்குப் பொருந்துமா என்று அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: திருமங்கலம், மொழியியல் படித்தவன்

அம்மா, உங்கள் கேள்வியில் உள்ள ‘தின்–டின்’ செய்தியைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் அதில் மாணவர்களின் வாயைவிட நம்முடைய வாய்க்குத்தான் பங்கு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாக எண்ண வேண்டாம்.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ‘ஸ்ஸ்ஸ்’ என்று மூச்சுள்ள மட்டும் நீட்டுங்கள், நீளும். இப்போது நீங்கள் சொல்லும் ‘தின்’னின் முதல் ஒலியை அதேபோல நீட்டிப் பாருங்கள். நீளாது. நாக்கு பல்லின் பின்புறத்தில் ஒட்டி, காற்றை அடைத்து, பிறகு விடுவித்தால்தான் நம்முடைய ‘த்’ பிறக்கும். அது வெடிப்பொலி. ஆங்கிலத்தில் ‘டி-ஹெச்’ எழுத்துகள் குறிக்கும் ஒலியோ உரசொலி. நாக்கின் நுனி மேற்பல் விளிம்பை மெல்லத் தொட்டிருக்க, இடைவெளி வழியே காற்று உரசிக்கொண்டே வெளிவரும். அதை ‘ஸ்’ போலவே எவ்வளவு நேரமும் நீட்டலாம். தமிழர்களாகிய நாம் அந்த ஒலிக்குப் பதிலாகத் தகரத்தையும், ஆங்கில ‘டி’ எழுத்துக்குப் பதிலாக நாவை மடித்துச் சொல்லும் டகரத்தையும் வைத்துக்கொண்டோம். நமக்குள் தகரமும் டகரமும் வேறு வேறு எழுத்துகளாதலால் குழப்பமே வருவதில்லை. நாம் சரியாகச் சொல்கிறோம் என்ற நிறைவும் ஏற்பட்டுவிடுகிறது.

மலாய்க்காரர் நிலை வேறு. அவர்களுடைய ‘த்’ ஒலி ஏறத்தாழ நம் தகரம் பிறக்கும் இடத்திலேயே, பல்லை ஒட்டிப் பிறக்கிறது. நாவை மடிக்கும் டகரம் அவர்கள் மொழியில் இல்லை. ஆகவே நீங்கள் ‘தின்’ என்று நம் தகரத்தோடு சொல்லும்போது அவர்கள் செவியில் விழுவது அவர்களுடைய சொந்த ‘த்’. ‘டின்’ என்று சொல்லும்போது சற்றே வேறுபட்ட ஓர் ஒலி கேட்கிறது. அதற்குத் தனி இடம் இல்லாததால் அதையும் அதே ‘த்’தின் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றே என்று அவர்கள் எழுதியது கவனக்குறைவால் அன்று, கேட்டதைத்தான் எழுதியிருக்கிறார்கள். இருபது முறை சொன்னாலும் இருநூறு முறை சொன்னாலும், உரசும் ஒலி உங்கள் வாயிலிருந்து வராத வரை அவர்களுக்கு வேறுபாடு தென்பட வழியில்லை.

உங்களுக்கு உதவக்கூடிய ஒன்று தமிழிலேயே இருக்கிறது. ‘அது’, ‘காது’ என்று இயல்பாகப் பேசும்போது நடுவில் வரும் தகரத்தைக் கவனியுங்கள். அங்கே நாக்கு முழுமையாக அடைப்பதில்லை. காற்று நழுவிப் போகிறது. ‘அந்த’ என்னும் பொருளில் ஆங்கிலத்தில் ‘தட்’ என்று சொல்கிறோமே, அதன் முதல் ஒலி கிட்டத்தட்ட அந்த மெல்லிய தகரம்தான். சொல்லின் நடுவில் நாம் தாமாகவே செய்வதைச் சொல்லின் முதலில் வேண்டுமென்றே செய்யப் பழக வேண்டும், அவ்வளவே. குரலை நீக்கிவிட்டு வெறும் மூச்சோடு அதையே சொன்னால் ‘தின்’னின் முதல் ஒலி கிடைத்துவிடும். கைபேசியில் பதிவு செய்து, ஒலி நீள்கிறதா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

உதட்டையும் பல்லையும் பற்றி ஒரு வார்த்தை. ‘எஃப்’, ‘வி’, ‘இசட்’ ஆகிய மூன்றும் மலாய் மொழியின் பழைய ஒலிகள் அல்ல; அரபு, ஆங்கிலம் முதலிய மொழிகளின் சொற்களோடு வந்து சேர்ந்தவை. அதனால்தான் சிந்தித்தல் என்ற பொருளுடைய சொல் மலேசியாவில் ‘ஃபிக்கிர்’ என்றும் இந்தோனேசியாவில் ‘பிக்கிர்’ என்றும் எழுதப்படுகிறது. நம் காப்பியும் அவர்களின் ‘கோப்பி’யும் ஒரே காரணத்தால் ‘ஃப’ ஒலியை இழந்து பகரம் பெற்றவை. ‘வி’ ஒலிக்கு நம் இலக்கணத்திலேயே வழி இருக்கிறது. ‘பல்லிதழ் இயைய வகாரம் பிறக்கும்’ என்று தொல்காப்பியப் பிறப்பியல் சொல்வதை அப்படியே செய்து காட்டுங்கள். கீழுதடு மேற்பல்லைத் தொட்டதும் குரலோடு காற்றை உரச விட்டால் ‘வி’, குரலின்றி விட்டால் ‘எஃப்’. மலாய் மொழியின் சொந்த வகரம் இரண்டு உதடுகளையும் குவித்துச் சொல்வது என்பதால், பல் தெரிய வேண்டும் என்று அவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

மறுமொழி 2: நெல்பேட்டைவாசி

நான் மொழியியல் படித்தவன் அல்லேன். மலேசியாவின் பினாங்கிலும், கிளந்தான் மாநிலத் தலைநகரான கோத்தா பாருவிலுமாக 19 ஆண்டுகள் கடையில் வேலை பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பியவன். கடையைக் குறிக்க அவர்கள் சொல்லும் ‘கெடாய்’ என்பதே நம் சொல்தான்; கப்பல் ‘காப்பால்’ ஆனதும், மாம்பழம் ‘மெம்பெலாம்’ ஆனதும் அங்கே போன முதல் மாதமே எனக்குத் தெரிந்துவிட்டன. நம் ழகரம் அவர்கள் வாயில் லகரம் ஆனதைப் பாருங்கள். ஒரு மொழி தன்னிடம் இல்லாத ஒலியை வாங்கும்போது தனக்கு மிக அருகில் உள்ளதைத்தான் வைத்துக்கொள்ளும்.

மேலே ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், சகோதரி. உங்கள் மாணவர்கள் தொழுகை முடித்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சிறு வயதில் குர்ஆனைத் திருத்தமாக ஓதக் கற்றிருப்பார்கள். ஓதும் முறையில் ஒவ்வோர் எழுத்தும் வாயின் எந்த இடத்தில் பிறக்க வேண்டும் என்று ஆசிரியர் பக்கத்தில் அமர்ந்து திருத்துவார். அரபு நெடுங்கணக்கின் நான்காம் எழுத்து, மேலே மூன்று புள்ளி உள்ளது. நாக்கின் நுனியை மேல் முன்பற்களின் விளிம்பில் வைத்துக் காற்றை விட வேண்டும். ஆங்கில ‘தின்’னின் முதல் ஒலி அதுதான். ஒன்பதாம் எழுத்து, அதே இடத்தில் குரலோடு பிறப்பது. ‘தட்’டின் முதல் ஒலி. பதினோராம் எழுத்து ‘இசட்’. இருபதாம் எழுத்து ‘எஃப்’. நான் இதே எழுத்துகளை நெல்பேட்டையில் சிறுவனாக ஓதக் கற்றவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் மாணவர்களின் நாக்குக்கு இந்த ஒலிகள் புதியவை அல்ல. ஓதும்போது வருவது பேசும்போது வராமல் இருக்கிறது.

அன்றாட மலாயில் அந்த எழுத்துக்கு இடமில்லை என்பதே அதற்குக் காரணம். திங்கட்கிழமையை ‘ஈஸ்னின்’ என்றும் செவ்வாய்க்கிழமையை ‘செலாசா’ என்றும் சொல்வார்கள்; இரண்டும் அரபுச் சொற்கள், இரண்டிலும் அந்த நான்காம் எழுத்து இருந்தது, பேச்சில் சகரமாகிவிட்டது. எனவே ‘ஓதும்போது சொல்வீர்களே, அந்த எழுத்தை இந்தச் சொல்லில் வையுங்கள்’ என்று மரியாதையோடு நினைவூட்டுங்கள். மார்க்கத்தைத் தொட்ட செய்தி என்பதால் விளையாட்டாக இல்லாமல் சொல்ல வேண்டும்.

கடைசி மெய்யைப் பற்றியும் எழுதுகிறேன், ஏனெனில் கடையில் நான் பட்ட பாடு அது. மலாயில் பிள்ளையைக் குறிக்கும் ‘அனாக்’, இல்லை என்னும் ‘தீடாக்’ ஆகியவற்றின் கடைசிக் ககரம் நம் ‘க்’ போல ஒலிப்பதில்லை. கனமான மூட்டையைத் தூக்கும் முன் தொண்டையில் மூச்சைப் பிடிப்போமே, அந்தப் பிடிப்பு மட்டும்தான் கேட்கும். உங்களை அழைக்கும் ‘சிக்கு’ என்ற சொல்லின் நடுவில்கூட அந்தப் பிடிப்பு இருக்கிறது, உற்றுக் கேளுங்கள். ‘ப்’, ‘த்’ என்று முடியும் சொற்களிலும் உதடும் நாக்கும் மூடும், ஆனால் திறக்காது.

இரண்டு மெய்கள் சேர்ந்து முடிவதும் அவர்களுக்கு வழக்கமில்லை. தபாலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அங்கே ‘போஸ்’, மின்தூக்கி ‘லிஃப்’, திரைப்படச்சுருள் ‘ஃபீலெம்’, மன்றம் ‘கெலாப்’. கடைசி மெய்யை விட்டுவிடுவார்கள், அல்லது நடுவில் ஓர் உயிரை நுழைப்பார்கள். இவை கொச்சை அல்ல. அகராதியிலும் பெயர்ப்பலகையிலும் இப்படித்தான் எழுதியிருக்கும். ஆங்கிலம் பேசும்போது ‘லாஸ்’ என்று முடிப்பவர் தம் மொழியின் ஒழுங்கைத்தான் பின்பற்றுகிறார்.

உங்கள் ஆறு பேரும் எந்த ஊரைச் சேர்ந்தவர்கள் என்று கேட்டுவிடுங்கள். கிளந்தான் மாநிலத்தவராக இருந்தால் சிரமம் இன்னும் கூடும். அந்த வட்டாரப் பேச்சில் அரிசியைக் குறிக்கும் ‘பெராஸ்’ என்ற சொல்லே ‘பெராஹ்’ போல முடியும். சகரத்தில் முடியும் ஆங்கிலப் பன்மைகளை அவர்களிடம் தனியாகப் பழக்க வேண்டும்.

மறுமொழி 3: அண்ணா நகர், குரல்வழிச் சேவைப் பயிற்சியாளர்

தொலைபேசியில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசுவோருக்குப் பயிற்சி அளிப்பது என் வேலை. மேலே இருவரும் ‘தின்’னின் முதல் ஒலிக்குக் கொடுத்த முக்கியத்துவத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. அயர்லாந்தில் பலர் அந்த இடத்தில் பல்லொட்டிய தகரத்தையே சொல்கிறார்கள், லண்டனில் பலர் ‘ஃப’ என்கிறார்கள், பொருள் கெடுவதில்லை. ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற மொழியியலாளர், வெவ்வேறு தாய்மொழியினர் தமக்குள் ஆங்கிலத்தில் பேசும்போது எந்த ஒலிகள் தவறினால் புரியாமல் போகிறது என்று ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, கட்டாயமாகக் கற்பிக்க வேண்டிய ஒலிகளின் வரிசையில் இதைச் சேர்க்கவில்லை. சொல்லின் முதலில் ‘ப்’, ‘க்’ போன்றவற்றோடு வரும் மூச்சு, மெய்க்கூட்டம், உயிரின் நீளம் ஆகியவற்றைச் சேர்த்திருந்தார்.

அந்த மாணவி ‘ஃபினிஷ்’ என்று நிறுத்திய இடம்தான் உண்மையான ஆபத்து. காலம், பன்மை, படர்க்கை ஒருமை ஆகிய மூன்றையும் ஆங்கிலம் சொல்லின் கடைசி மெய்யில் வைத்திருக்கிறது. அது விழுந்தால் இலக்கணமே தெரியாதவர் என்று கேட்பவர் எண்ணிவிடுவார். அவருக்கு இலக்கணம் நன்றாகவே தெரிந்திருக்கும்.

இதில் நம் ஊர்ப் பழக்கம் உதவாது, இடையூறும் செய்யும். நாம் ‘பஸ்ஸு’, ‘பேக்கு’ என்று கடைசியில் உகரம் சேர்ப்பவர்கள், அவர்கள் விழுங்குபவர்கள். நீங்கள் அழுத்திச் சொல்ல முயன்று ‘லாஸ்ட்டு’ என்று சொல்லிவிட்டால், அவர்களும் ஓர் அசையைக் கூட்டிக்கொள்வார்கள். அதைவிட, அடுத்த சொல்லோடு இணைத்துக் கற்பியுங்கள். ‘ஃபினிஷ்ட் இட்’ என்னும்போது அந்த ‘ட்’டை அடுத்த சொல்லின் தலையில் ஏற்றி, ‘ஃபினிஷ்–டிட்’ என்று சொல்லச் செய்யுங்கள். சொல்லின் முதலில் வரும் மெய்யில் அவர்களுக்குத் தடையே இல்லை. உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களோடு இரண்டு வாரம் பழகட்டும்; பிறகு அந்த மெய்யைத் தனியாக நிறுத்தச் சொல்லலாம். அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால் ஆங்கிலேயரே பல வேளைகளில் ‘லாஸ் நைட்’ என்றுதான் சொல்வார்கள். அந்த இடத்தில் மாணவர்களைத் திருத்தி வருத்த வேண்டாம்.

பைக்கும் முதுகுக்கும் உள்ள வேறுபாட்டைக் கடைசி மெய்யில் தேடாதீர்கள். தமிழில் எழுதினாலும் இரண்டும் ‘பேக்’ தான். மலாயிலும் சொல்லின் கடைசியில் வரும் வல்லொலி மெல்லொலி வேறுபாடு மங்கிவிடும். ஆங்கிலத்தில் பையைச் சொல்லும்போது நடு உயிர் நீளும், முதுகைச் சொல்லும்போது சட்டென்று முடியும். உயிரை மட்டும் நீட்டச் சொல்லிப் பாருங்கள். கேட்பவருக்கு உடனே விளங்கும்.

மறுமொழி 4: உசிலம்பட்டித் தமிழாசிரியர்

நான் ஆங்கில ஆசிரியர் அல்லேன். ஆயினும் இதைப் படித்தபோது என் வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கம் வீட்டில் ‘பளம்’, ‘மளை’ என்று கேட்டு வளர்ந்த குழந்தைக்கு ழகரத்தைச் சொல்லிக் கொடுக்கும்போது, முதலில் வாயைத் திருத்தினால் ஒன்றும் நடக்காது. நான் முதலில் காதைத்தான் பழக்குவேன். ‘வாழை’, ‘வாளை’ என்று மாற்றி மாற்றிச் சொல்வேன். மரம் என்றால் வலக்கை, மீன் என்றால் இடக்கை தூக்க வேண்டும். பத்துக்கு ஒன்பது முறை சரியான கையைத் தூக்கும் வரை எந்தக் குழந்தையையும் வாய் திறந்து சொல்லச் சொல்வதில்லை. உங்கள் மாணவர்கள் பெரியவர்கள் என்றாலும், அலுவலகக் களைப்போடு வருபவர்களுக்குக் கையைத் தூக்கும் இந்தப் பயிற்சி பாரமாக இருக்காது. ஆனால் முதல் மறுமொழியில் ஐயா சொன்னபடி, ஆசிரியரின் வாயில் இரண்டு ஒலியும் தனித்தனியாக இருந்தால்தான் இது பயன் தரும். ழகரம் வராத ஆசிரியர் ழகரம் கற்பித்த பள்ளியில் படித்தவன் நான். எனக்கே அது கல்லூரியில்தான் வந்தது.

தல்லாகுளம் ஆசிரியை (மூன்று வாரங்களுக்குப் பின்)

நால்வருக்கும் நன்றி. உங்கள் மறுமொழிகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் இந்த மூன்று வாரமும் வகுப்பு எடுத்தேன்.

முதலில் என் குரலைப் பதிவு செய்து கேட்டேன். திருமங்கலம் ஐயா சொன்னது முழு உண்மை. பதினோரு ஆண்டுகளாக நான் கற்பித்து வந்த ‘தின்’ நம் தகரத்தில்தான் தொடங்கியிருக்கிறது. ‘அது’விலிருந்து தொடங்கிப் பழகினேன், ஒரு வாரத்தில் ஒலி நீளத் தொடங்கியது. அதன் பிறகு உசிலம்பட்டி ஐயாவின் முறைப்படி, மெல்லியது என்றால் வலக்கை, தகர டப்பா என்றால் இடக்கை என்று வைத்தேன். முதல் நாளிலேயே நால்வர் பிழையின்றித் தூக்கினார்கள்.

ஓதும் எழுத்தைப் பற்றி நெல்பேட்டை அண்ணன் எழுதியதைத் தயக்கத்தோடுதான் கேட்டேன். ஒரு மாணவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அந்த நான்காம் எழுத்தை அழகாக, நீட்டி ஒலித்துக் காட்டினார். உடனே அதே நாவோடு ‘தின்’ என்றார். நான் ஒரு வாரம் பயின்று பெற்ற ஒலியைவிட அது தெளிவாக இருந்தது. அன்று முதல் அந்த ஒலிக்கு அவரையே முன்மாதிரியாகச் சொல்லிக் காட்டச் செய்கிறேன். தம் பாட்டனார் கற்றுக் கொடுத்தது ஆங்கில வகுப்பில் உதவும் என்று தாம் நினைத்ததே இல்லை என்றார்.

கடைசி மெய்தான் இன்னும் மெல்ல நகர்கிறது. ‘ஃபினிஷ்–டிட்’ என்று சேர்த்துச் சொல்லும்போது ஆறு பேருக்கும் வந்துவிட்டது. தனியாக நிறுத்தினால் இருவருக்கு மறைந்துவிடுகிறது. அந்த இருவரும் கோத்தா பாருக்காரர்கள் என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது. நாளை முதல் அவர்களுக்கு மட்டும் கால் மணி நேரம் முன்னதாக வகுப்பைத் தொடங்கி, சகரத்தில் முடியும் பன்மைச் சொற்களை உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களோடு இணைத்துப் பழக்கப் போகிறேன். அவர்கள் சந்தையில் அன்றாடம் சொல்லக்கூடிய பொருள்களின் பெயர்கள் நெல்பேட்டை அண்ணனுக்கு நினைவிருந்தால், ஒரு பத்துப் பதினைந்தை எழுதி உதவ வேண்டுகிறேன்.